சுவத்துல பூஞ்சை வந்தா ஹோம் இன்சூரன்ஸ் காசு தருமா? வெளிநாட்டுக்குப் புதுசா வந்தவங்க படிங்க

பூஞ்சைக்கு கிளெய்ம் கிடைக்குமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. பூஞ்சையை விடுங்க, தண்ணி எங்கேருந்து வந்துச்சு? இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்கறது அதைத்தான். பைப் திடீர்னு வெடிச்சு, இல்ல வாஷிங் மெஷின் ஹோஸ் கழண்டு வீடு நனைஞ்சு அதனால வந்ததுன்னா பொதுவா பாலிசியில இடம் இருக்கும். சிங்க் அடியில மாசக்கணக்கா சொட்டிச்சு, குளிருக்கு பயந்து ஜன்னலையே திறக்காம ரூமுக்குள்ள துணி காயப்போட்டு சுவர் வேர்த்துச்சுன்னா, பராமரிப்பு சரியில்லன்னு தள்ளிடுவாங்க. வெள்ளம்னா அது தனிக்கதை, பல இடத்துல அதுக்கு தனியா கவர், அதாவது காப்பீடு, எடுக்கணும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். பாத்ரூம் சுவத்துக்குள்ள கசிவு, அப்புறம் பாத்துக்கலாம்னு ரெண்டு வாரம் விட்டுட்டேன், அதுக்குள்ள பக்கத்து ரூம் கார்பெட் அடியில எல்லாம் பூஞ்சை. தெரிஞ்ச உடனே ஏன் சொல்லலன்னு கேட்டு கிளெய்மை மறுத்துட்டாங்க. ஈரமான இடத்துல 24லேருந்து 48 மணி நேரத்துலயே பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும்னு அப்போ எனக்குத் தெரியாது. அதனால அன்னைக்கே தண்ணியை மூடுங்க, போட்டோ வீடியோ எடுங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கு போன் பண்ணி, பேசினதை ஈமெயில்லயும் போட்டுடுங்க, ஃபேன் வெச்சு உலர்த்த ஆரம்பிங்க. சேதம் பெருகாம பாத்துக்கறது நம்ம பொறுப்புன்னு பாலிசியிலயே இருக்கும். பிளம்பர் பில்லையும் கழட்டின பைப்பையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

வாடகை வீடா? ஓனரோட இன்சூரன்ஸ் கட்டடத்துக்குத்தான், உங்க மெத்தை, துணிமணி, சர்டிஃபிகேட்டுக்கெல்லாம் நீங்கதான் தனியா எடுக்கணும். ஓனர்கிட்ட வாய்ல சொன்னது பத்தாது, எழுத்துல சொல்லுங்க.

பாலிசி வாங்கும்போதே பூஞ்சைக்கு தனி லிமிட் இருக்கான்னு தேடிப் படிங்க, நிறைய பாலிசியில வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை இருந்தாலும் இதுக்கு மட்டும் சின்னதா ஒரு உச்சவரம்பு வெச்சிருப்பாங்க. லீவுக்கு ஊருக்குப் போறவங்க, வீடு தொடர்ந்து 30 நாள் இல்ல 60 நாளுக்கு மேல காலியா இருந்தா தண்ணி சேதத்துக்கு கவர் இல்லாமப் போகலாம், கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, மெயின் வால்வை மூடிட்டுப் போங்க.

பூஞ்சை மேல பெயிண்ட் அடிச்சா போயிடுமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். போகாது தம்பி, ஈரம் உள்ள இருக்கற வரைக்கும் திரும்ப வரும். அதுவும் இன்சூரன்ஸ் ஆள் வந்து பாக்கறதுக்கு முன்னாடி அடிச்சுட்டா காட்டறதுக்கு ஆதாரமே இருக்காது.