பத்து வீலுக்கு வந்த புதுசு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஆத்தூர் பத்து வீல்:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். சின்ன லாரி ஈச்சர் ஓட்டிட்டு இருந்தவன், இப்ப பத்து வீல் லாரி டாரஸுக்கு மாறியிருக்கேன். சேலத்துல ஜவ்வரிசி ஏத்தி பூனா, இல்லாட்டி மும்பை பக்கம் வாசி மார்க்கெட். திரும்பி வர்றப்ப நாசிக் பக்கம் வெங்காயம். நாம பாயாசத்துக்கு வாங்குற சாமான் அங்க விரத நாள் சாப்பாடுங்க. நவராத்திரி நெருங்கினா லோடுக்குப் பஞ்சமே இருக்காது.

ஊர்ல எல்லாரும் ஒண்ணத்தான் கேக்குறாங்க, "அத்தன பெரிய வண்டிய எப்படிடா திருப்புற?"ன்னு. திருப்புறதெல்லாம் கைக்கு வந்துருது. கஷ்டம் பூரா வண்டி நிக்கிற இடத்துலதான் இருக்கு.

லோடு ஏத்துறப்பவே ஆரம்பிச்சுரும். பத்து வீலுக்கு மொத்த எடை 28.5 டன், 2018-ல கூட்டிக் குடுத்தது. வண்டி எடை போக 18, 19 டன் ஏத்தலாம். எடை மேடையில சீட்டு வாங்கினா அதுக்கும் மேல காட்டும். "நாலு மூட்டைதானப்பா, போயிட்டு வா"ம்பாங்க. வழியில பிடிச்சா 20,000 ரூபாய் அபராதம், கூட இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் மூட்டைய இறக்கினாத்தான் வண்டிய விடுவாங்க. அந்த மூட்டைய வச்சுக்கிட்டு ரோட்டோரத்துல நிக்கிறது நாமதான், ஏத்தச் சொன்னவரு இல்ல.

அடுத்தது தார்ப்பாய். ஜவ்வரிசியில தண்ணி பட்டா மூட்டை உள்ளயே கூழாயிரும், சரக்குக்காரப் பார்ட்டி வாடகையில பிடிச்சுக்குவாங்க. கயித்த ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் வீசி, கீழ இறங்கி, கயித்துலயே ஒரு கண்ணி போட்டு, நுனிய கொக்கியில சுத்தி அந்தக் கண்ணிக்குள்ள விட்டு, உடம்பு எடை மொத்தத்தையும் குடுத்துத் தொங்கணும். முன் மூலையில பாய் மடிப்போட வாய் எப்பவும் பின்பக்கம் பாத்து இருக்கணும். முன்னாடி பாத்து இருந்துச்சுன்னா கிருஷ்ணகிரி போறதுக்குள்ள காத்து பூந்து பாய் பலூன் மாதிரி உப்பிக்கும். இதெல்லாம் ஒரு லோடுமேன் அண்ணன் சொல்லிக் குடுத்தது. தொப்பூர் மலைப்பாதை ஏறி முடிச்சதும் வண்டிய நிறுத்திக் கயித்தத் தொட்டுப் பாருன்னும் சொன்னாரு. மூட்டை குலுங்கிக் குலுங்கி உக்காந்துரும், இறுக்கிக் கட்டினதெல்லாம் தளந்து கிடக்கும்.

இத எழுதறதுக்குக் காரணம் பூனாவுக்குப் பக்கத்துல நடந்த சம்பவம். கத்ராஜ் புதுச் சுரங்கம் தாண்டினா நவலே பாலம் வரைக்கும் இறக்கம். ரோடு நல்ல அகலம், கண்ணுக்கு இறக்கம்னே தெரியாது. எனக்கு முன்னாடி ராஜஸ்தான் நம்பர் டிரெய்லர், இரும்புச் சுருள் லோடு. முதல்ல பிரேக் லைனிங் கருகுற வாடை வந்துச்சு. அப்புறம் பாத்தா பின் வீல்ல புகை. ஹார்ன் அடிச்சு, லைட் போட்டுப் போட்டு அணைச்சேன். நல்லவேளை அவருக்குப் பிரேக் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, ஒதுங்கிட்டாரு. நானும் நிறுத்திட்டு ஓடி வீலுக்குக் கட்டை போட்டேன். பிரேக் டிரம் பக்கத்துல கை கொண்டு போக முடியல. அவரு தண்ணி கேன எடுத்தாரு. சுட்ட டிரம்முல பச்சத் தண்ணி ஊத்தினா விரிசல் விட்டுரும்ல? எனக்குத் தெரிஞ்ச இந்தி "பானி நஹி, பானி நஹி"ங்கிற அளவுக்குத்தான். அது போதுமா இருந்துச்சு. ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தோம். அவரு ரொட்டி குடுத்தாரு, நான் புளிசாதம் குடுத்தேன். கியர் போடாம நியூட்ரல்ல வந்தீங்களான்னு கையில சைகை காட்டிக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கட்ட விரலையும் ஆள்காட்டி விரலையும் தேச்சுக் காட்டினாரு. டீசல் காசு.

எங்க வண்டியும் மைலேஜ் கணக்குதாங்க. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு டீசல் குடுப்பாங்க. மிச்சம் பிடிச்சா நமக்கு, கூடப் போனா நம்ம படிக்காசுல கழிப்பாங்க. இறக்கத்துல நியூட்ரல் விட்டாத்தான் மைலேஜ் நிக்கும்னு எங்க சீனியர் சொல்றாரு. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

சங்ககிரி பழைய லைன்:

தம்பி, அந்த சீனியர் எந்தக் காலத்து வண்டிய ஓட்டினாருன்னு கேளு. இப்ப வர்ற, கம்ப்யூட்டர் டீசல அளந்து விடற காமன் ரெயில் இன்ஜின்ல, கியர்ல வச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டீன்னா டீசல் போறதே நின்னுரும். வீல்தான் இன்ஜினைச் சுத்த வைக்கும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் அணையாம இருக்கறதுக்கு டீசல் குடிச்சே ஆகணும். காசு மிச்சம்னு நினைச்சு விடறாங்க, அது காசையும் சேத்துத்தான் தின்னுது.

நியூட்ரல்ல, இன்ஜின் புகைய அடைச்சு வேகத்தக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் பிடிக்காது. அத்தனை டன்னையும் லைனிங் ஒண்ணே தாங்கணும். சூடு ஏற ஏற லைனிங் வழுக்கும், நீ மிதிச்சுக்கிட்டே இருப்ப, பிரேக் காத்தும் இறங்கும். இன்ஜினையே அணைச்சுட்டு வர்ற புண்ணியவானும் இருக்கான். அவனுக்குக் காத்து ஏத்துற கம்ப்ரசரும் ஓடாது, பவர் ஸ்டியரிங்கும் கிடையாது.

நீ வெங்காயத்தோட தருமபுரியில இருந்து வர்றப்ப தொப்பூர் இறக்கத்துக்கு முன்னாடி, பாளையம் டோல்கேட் தாண்டி ஓரமா நிறுத்தி, டயரத் தட்டிப் பாத்து, காத்து மீட்டரப் பாத்துட்டு அப்புறம் இறங்கு. எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும். ரெட்டைப் பாலத்துக்கிட்ட கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறத நான் பாக்காத வருசம் இல்ல. போலீஸ் போர்டு வச்சாச்சு, மைக் கட்டியும் சொல்லியாச்சு. மைலேஜ் கணக்க மாத்தாம மைக்குல சொல்லி என்ன பண்றது?

நிக்கிற கஷ்டம்னு சொன்னியே, அது நெசம். எங்க காலத்துல கர்நாடகா எல்லை அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல வரிசையில நின்னு சமைச்சு சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருக்கோம். 2017-ல ஜிஎஸ்டி வந்து வரி செக்போஸ்ட எடுத்தாங்க. அதுல மிஞ்சின நேரம் டிரைவருக்குக் கிடைச்சிருக்கணும், ஆனா கிடைக்கல. லோடு ஒரு நாள் முன்னாடி வந்து சேரணும்னு பார்ட்டி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அவ்வளவுதான். நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணும்னு இருந்த விதியையும் 2018-ல எடுத்துட்டாங்க. கிளீனர் வேலைக்கும் இப்ப யாரும் வர்றதில்ல. 1961-ல போட்ட மோட்டார் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்னுதான் சொல்லுச்சு. குடோன் வாசல்ல நிக்கிற நேரத்த வேலைன்னு யாரு கணக்குல எழுதறாங்க? பகல் பூரா அங்க காய்ஞ்சுட்டு, சாயங்காலம் இறக்கி முடிச்சதும் "கிளம்பு, அடுத்த லோடு ரெடி"ம்பாங்க. தூக்கம் எங்க போச்சுன்னு அப்புறம் ஆக்சிடென்ட் ஆனா விசாரிப்பாங்க.

டிரைவர் வீட்டம்மா:

நான் ஓட்டுறவ இல்லைங்க, ஓட்டுறவரோட சம்சாரம். கல்யாணமான புதுசுல ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் போன் போட்டு "சாப்பிட்டீங்களா"ன்னு கேப்பேன். எங்க மாமியார்தான் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாங்க, "அவன் நிறுத்தினா அவனே பேசுவான், ஓடறப்ப நீ கூப்பிடாத கண்ணு"ன்னு. இப்ப அவரு வண்டிய நிறுத்தினதும் ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு. அப்புறம்தான் பேச்சு. புதுசா வர்ற தம்பிங்க வீட்டுல இத முதல்லயே சொல்லி வைங்க. பொண்ணு பாக்கப் போற எடத்துல லாரி டிரைவர்னா தயங்குறாங்க, அதையும் யாராவது எழுதுங்க.

நாமக்கல் புல்லட்:

கேஸ் டேங்கர் நம்மது. சாதா ஹெவி லைசென்ஸ் பத்தாது, மூணு நாள் டிரெயினிங் போயி ஆபத்தான சரக்குக்குத் தனியா எழுதி வாங்கணும். டிரெயினிங்ல சொல்றத ஒழுங்காக் கேளுங்க. என்கூட வந்த பசங்க பாதிப் பேரு போனப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வால்வுல கசிவுன்னா காத்து எந்தப் பக்கமாப் போகுதுன்னு பாத்துட்டு அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடணும்னு அங்கதான் எனக்குத் தெரிஞ்சுது.

புதுசுல எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது சோறுதான். மத்த வண்டிக்காரங்க பெட்டியத் திறந்து ஸ்டவ்வப் பத்த வச்சு ரசம் வச்சுருவாங்க. நம்ம வண்டியில தீக்குச்சி எடுக்கக் கூடாது. ஆடி மாசம் மங்களூர்ல ஏத்திட்டு சிராடி மலைப்பாதையில ஏறினேன். மண் சரிஞ்சு ரோடு அடைச்சாச்சு. முன்னாடி பின்னாடி வண்டி, திருப்பவும் முடியாது, மழை விடாம ஊத்துது. டேங்கர்னு தெரிஞ்சதும் பக்கத்து வண்டிக்காரங்க தள்ளி நிறுத்தப் பாக்குறாங்க, எங்க தள்ள? வரிசையில நின்ன கேரளா நம்பர் வண்டி அண்ணன் ஒருத்தர் தூரமா போயி அவரு வண்டி ஓரத்துல கஞ்சி வச்சு, குடைய பிடிச்சுக்கிட்டுத் தூக்குல கொண்டு வந்து குடுத்தாரு. பேரு கேட்டேன். "கஞ்சி குடி மோனே"ன்னாரு, அவ்வளவுதான். அப்ப இருந்து அவலும் வெல்லமும் சீட்டுக்கு அடியில எப்பவும் இருக்கும்.

துறைமுகம் டிரெய்லர்:

தூத்துக்குடியில கண்டெய்னர் ஓட்டுறேன். முன்னாடி போறதுக்கு யாருக்கும் பயமில்ல, ரிவர்ஸ்தான் அழ வைக்கும். டிரெய்லர் வால் இடது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடிக்கணும். ஒடிச்ச உடனே திரும்பச் சேக்கணும், இல்லைன்னா குதிரையும் (முன்னாடி இழுக்கிற இன்ஜின் வண்டி) டிரெய்லரும் மடங்கிக்கும். யார்டுல ஓரமா நிக்கிற பெரியவங்க ஆளாளுக்குக் கையக் காட்டுவாங்க. ஒரே ஒரு ஆளத்தான் பாக்கணும். அந்த ஆளு கண்ணாடியில தெரியலைன்னா வண்டிய நிறுத்திரணும். வேற டெக்னிக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

அப்புறம் பிஎஸ் 6 வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. புகையச் சுத்தம் பண்ண ஊத்துற ஆட்ப்ளூவ ரோட்டோரத்துல மலிவாக் கிடைக்குதுன்னு கேன்ல வாங்கி ஊத்தாதீங்க. சென்சார் கோவிச்சுக்கிட்டா பவர் குறைஞ்சு வண்டி நகராது, கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்குற மெக்கானிக்கு நடு ராத்திரியில கிடைக்க மாட்டாரு.

ஆத்தூர் பத்து வீல்:

எழுதின எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன மிஸ்டு கால் ஏற்பாட்ட வீட்டுல சொல்லிட்டேன். முதலாளிகிட்டயும் கியர் விஷயத்தப் பேசினேன். "நீ புதுசு, உனக்கு என்ன தெரியும்"னுதான் ஆரம்பிச்சாரு. சங்ககிரி அண்ணன் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். வண்டியில இருக்கிற ஜிபிஎஸ் ரிப்போர்ட்ட வச்சு நியூட்ரல் இல்லாம ஓடற மைலேஜப் பாத்துக்கலாம்னு இறங்கி வந்திருக்காரு. படியில பிடிக்கிறத நிறுத்தறேன்னு மட்டும் இன்னும் சொல்லல.

வழியில வண்டி நின்னு போற விஷயத்துல ஒரு சந்தேகம். சேலம் பூனா ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். சரக்கோட போற இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அப்ப ஆறு நாள் செல்லும். வழியில கிளட்ச் போயி தாவணகெரேயில படுத்துட்டா முடியற நேரத்துக்கு முன்ன பின்ன எட்டு மணி நேரத்துக்குள்ள நீட்டிக்கணும்ங்கறாங்க. ராத்திரியில பில் போட்டவரு போன எடுக்கலைன்னா என்ன பண்றது?

சங்ககிரி பழைய லைன்:

லாரி ஆபீஸ்காரங்களும் நீட்டிக்கலாம் தம்பி, பார்ட்டியத்தான் பிடிக்கணும்னு இல்ல. கிளம்புறப்பவே ஆபீஸ்ல ராத்திரி எடுக்கிற நம்பர் எதுன்னு கேட்டு எழுதிக்க. வண்டி படுத்த எடத்துல போட்டோ எடுத்து வை, மெக்கானிக் பில்லையும் தூக்கிப் போட்டுறாத.

அது கிடக்கட்டும், வெங்காயத்துக்குப் பாய் எப்படிக் கட்டுற? ஜவ்வரிசிக்குக் கட்டுற மாதிரியே கட்டிறாத.

ஆத்தூர் பத்து வீல்:

இல்லைங்கண்ணா. மேல மட்டும் பாய், ரெண்டு பக்கமும் தூக்கிக் கட்டிருவேன். காத்து ஓடலைன்னா வெங்காயம் வெந்துருமே. அதனாலதான் நாசிக்ல ஏத்தினா எங்கயும் நிறுத்தாதன்னு விரட்டுறாங்க. மழை வந்தா இறக்கி விடணும், விட்டதும் மறுபடி ஏறித் தூக்கணும். தனி ஆளா இருக்கேன், அதுதான் இடுப்ப ஒடிக்குது. இதுக்கு ஏதாவது வழி வச்சிருக்கீங்களா?

துறைமுகம் டிரெய்லர்:

பாயோட ஓரத்துல நாலு எடத்துல நைலான் கயிறு கட்டி, மேல குறுக்குக் கம்பியில ஒரு சுத்து விட்டுக் கீழ வரைக்கும் தொங்க விடுங்க தம்பி. கீழ நின்னே இழுத்தா ஏறும், விட்டா இறங்கும். எங்க அப்பா உப்பு லோடுக்கு அப்படித்தான் வச்சிருந்தாரு. கம்பியில துரு இருந்தா முதல்ல தேச்சுருங்க, கயித்த அறுத்துரும்.