பெரியப்பா லேப்டாப்பும் நாற்பதாயிரமும்

பெரியப்பா: நித்யா, லேப்டாப் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. கடையில் காட்டினேன். இதில் வின்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்குங்கள் என்கிறார். நாற்பதாயிரமாம்.

நித்யா: அவசரப்படாதீர்கள் பெரியப்பா. இப்போது எந்த வின்டோஸ் இருக்கிறது?

பெரியப்பா: 2016.

நித்யா: அது வேர்ட்! கீபோர்டில் ஜன்னல் படம் போட்ட கீ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே ஆர் தட்டுங்கள். சின்னப் பெட்டி வரும். அதில் வின்வெர் என்று அடித்து என்டர் கொடுங்கள்.

பெரியப்பா: அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

கார்த்தி: வின்னர் என்று அடித்திருப்பீர்கள். கடைசியில் வி, இ, ஆர்.

பெரியப்பா: ஆமாம்டா. உனக்கு எப்படித் தெரியும்?

கார்த்தி: நானும் அடித்திருக்கிறேன்.

பெரியப்பா: வந்துவிட்டது. வெர்ஷன் 22எச்2, பில்டு 19045.

நித்யா: வின்டோஸ் 10, அதிலும் கடைசிப் பதிப்பு. வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது.

அத்தை: என் மேக்கில் ஜன்னல் கீயே இல்லையே?

கார்த்தி: உங்களுக்குத் திரையின் இடது மேல் மூலையில் ஆப்பிள் படம் இருக்கும் அத்தை. அதைக் கிளிக் செய்தால் முதல் வரியே அபவுட் திஸ் மேக்தான்.

நித்யா: பெரியப்பா, இப்போது செட்டிங்ஸ், சிஸ்டம், கடைசியில் அபவுட். லேப்டாப்பின் மூளையான பிராசசர், வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேம் இரண்டையும் படியுங்கள்.

பெரியப்பா: இன்டெல் கோர் ஐ5-7200யூ. ரேம் 4 ஜிபி, அதில் 3.88தான் பயன்படுமாம். மீதி எங்கே போனது?

நித்யா: திருடு போகவில்லை, ஹார்டுவேர் எடுத்துக்கொள்ளும். ஐ5க்கு அடுத்த எண் 7 என்றால் ஏழாம் தலைமுறை. வின்டோஸ் 11 கேட்பது எட்டிலிருந்து. கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரிதான். ஆனால் மெதுவாக இருப்பதற்குக் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். டிஸ்க் என்ன சொல்கிறது?

பெரியப்பா: எச்டிடி. 100 சதவீதம். நான் ஒன்றுமே திறக்கவில்லையே!

கார்த்தி: அதுதான் ஆள். எச்டிடி என்றால் பழைய வகை ஹார்டு டிஸ்க், சும்மா இருக்கும்போதே திணறுகிறது. மெமரியில் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை நிரம்பியிருக்கிறது?

பெரியப்பா: இரண்டில் ஒன்று.

நித்யா: அப்படியென்றால் ஒரு ஸ்லாட் காலி. அதில் இன்னொரு ரேம், ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி. புதிது வாங்கும் செலவில் பாதிகூட ஆகாது. அப்புறம் வின்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குமேல் அதில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

பெரியம்மா: நாற்பதாயிரத்தை எடுத்து வைத்தது எனக்குத் தெரியாதே. பேசுவோம்.

நித்யா: பெரியப்பா, டிஸ்க் மாற்றும் முன் போட்டோ எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

பெரியப்பா: ஏன்மா? எல்லாம் பத்திரமாக டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறதே.

நித்யா: அதுவும் அதே டிஸ்கில்தான்! ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அதுவரை கடைக்குப் போகாதீர்கள்.