ஸ்பிட்டி: இரண்டு பேர், இரண்டு முதுகுப்பை, 35,000 ரூபாய். பேருந்திலேயே போய் வர முடியுமா?

பாதிவழி:
வணக்கம். நானும் மனைவியும் செப்டம்பர் நடுவில் ஹிமாச்சலில் இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று இருக்கிறோம். இருவருக்கும் பைக் ஓட்ட வராது. ரயில் டிக்கெட் செலவு தனி. அது போக 12 நாளைக்குக் கையில் 35,000 ரூபாய். மணாலியிலிருந்து சந்திரதால் ஏரி வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரிகிறது. முதல் நாளே அங்கே போய்த் தங்கிவிட்டு, அப்புறம் ஸ்பிட்டியின் பெரிய ஊரான காசா, திரும்ப மணாலி என்று போட்டிருக்கிறேன். சரியாக வருமா? இன்னொன்று, அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டு தாண்டியதுமே எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிடுவாள்.

லென்ஸ்வாசி:
தாராளமாகப் போகலாம் ப்ரோ. மணாலியில் டாக்ஸி பிடித்தால் மாலைக்குள் சந்திரதால். மலைநோய்க்கு (உயரத்தில் காற்று மெலிவதால் வரும் தலைவலி, வாந்தி) மாத்திரை போட்டுக்கொண்டால் போதும். 12 நாள் எல்லாம் அதிகம், நான் 5 நாளில் முடித்தேன்.

மூட்டைமுடிச்சு:
தம்பி, முதலில் அந்த வரைபடத்தை மூடி வையுங்கள். அதில் உயரம் தெரியாது.

நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை நீங்கள் போட்டிருக்கும் அதே திட்டம்தான். மணாலி சுமார் 2,000 மீட்டர். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து ரோத்தங் கணவாய் ஏற வேண்டியதில்லை, 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் புகுந்து வந்தால் லாஹோல் பள்ளத்தாக்கு. சுகமான பயணம்தான். ஆனால் அன்று ராத்திரி நாங்கள் படுத்தது 4,250 மீட்டரில். ஒன்பது மணி இருக்கும், என் வீட்டுக்காரர் தன் ஷூவையே கையில் பிடித்துக்கொண்டு "இது யாருது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அரை மணியில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி, எழுந்தால் நடை தள்ளாடுகிறது. கூடாரம் நடத்தியவரே வண்டி பிடித்துக் கொடுத்து, இருட்டோடு இருட்டாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தோம். அந்த வண்டிக்குக் கொடுத்த 6,000 ரூபாய்தான் அந்தப் பயணத்தின் பெரிய செலவு. ஏரியை அவர் பார்க்கவே இல்லை.

பேச்சுக் குழறினாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று உட்காரக் கூடாது, இறங்கிவிட வேண்டும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஆனால் அதை நம்பி உயரத்தைத் தாவாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது என்பார்கள். எல்லா இடத்திலும் கணக்காக அமையாது, முடிந்தவரை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் சிம்லா வழியாக உள்ளே போய், மணாலி வழியாக வெளியே வாருங்கள். கல்காவிலிருந்து சிம்லாவுக்குக் குட்டி ரயில்: 96 கிலோமீட்டர், 102 சுரங்கம், 1903இல் போட்ட பாதை. ரயில் என்பதால் உங்கள் மனைவிக்கு முதல் நாளாவது எலுமிச்சம்பழம் தேவைப்படாது. மறுநாள் ஹிமாச்சல் அரசுப் பேருந்தில் கிளம்பி ராம்பூரிலோ சராஹனிலோ ஒரு ராத்திரி. அப்புறம் கின்னோர் மாவட்டத்தின் தலைநகரான ரெக்காங் பியோ போய், மேலே கல்பாவில் இரண்டு ராத்திரி. கின்னர் கைலாஷ் மலை சன்னலுக்கு நேரே நிற்கும். அங்கிருந்து நாக்கோ, தாபோ, தங்கர், காசாவில் இரண்டு ராத்திரி, சந்திரதால், மணாலி. பன்னிரண்டு நாள் சரியாக இருக்கும்.

ரெக்காங் பியோவிலிருந்து காசா போகும் பேருந்து காலையிலேயே கிளம்பிவிடும், சீக்கிரம் நிரம்பியும் விடும். கவுண்டரில் முன்கூட்டியே சீட்டு வாங்கி, டிரைவருக்குப் பின்னால் முதல் இரண்டு வரிசைக்குள் உட்காருங்கள். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், எங்களுக்கு முழங்கால் தாடையில் இடித்தது.

ஏரி என்று மூன்றைச் சொல்வார்கள். நாக்கோ ஏரி உண்மையில் ஊர்க்குளம். சுற்றி வில்லோ மரங்கள், சாயங்காலம் உட்கார நன்றாக இருக்கும், அவ்வளவுதான். தங்கருக்கு சிச்லிங்கில் இறங்கி 8 கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும், வண்டி ஏதாவது வந்தால் கை காட்டுங்கள். அங்குள்ள புத்த மடத்து விருந்தினர் அறையில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏரிக்கு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. செப்டம்பரில் தண்ணீர் குறைவு. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ஸ்பிட்டி ஆறு ஏழெட்டுப் பிரிவாகப் பிரிந்து ஓடுவது தெரியும், எனக்கு ஏரியைவிட அதுதான் பிடித்தது.

சந்திரதாலுக்குப் பேருந்து கிடையாது. தனி டாக்ஸி வைத்தால் உங்கள் கணக்கு அங்கேயே கிழிந்துவிடும். காசாவில் வேறு யாராவது போகிறார்களா என்று முந்தின நாளே விசாரித்து வண்டியைப் பங்கு போடலாம். இரண்டாம் முறை நாங்கள் காசாவிலிருந்து மணாலி போகும் பேருந்தில் ஏறி குன்சும் கணவாயில் இறங்கி நடந்தோம், ஒன்பது பத்து கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால், உடம்பு பழகியிருந்தால் மட்டும். ஓடைகளில் மதியத்துக்கு மேல் பனி உருகித் தண்ணீர் ஏறும், காலையிலேயே கடந்துவிடுங்கள். அந்த நடைக்கு ஒரு நாள் போதாது என்று தோன்றினால் வண்டிப் பங்கையே பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குன்சும் உச்சியில் பேருந்து அங்கிருக்கும் குன்சும் மாதா என்ற அம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். எல்லோரும் இறங்கி அங்கே ஒரு கல்லில் நாணயத்தை ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டினால் வேண்டுதல் பலிக்குமாம்.

ஏரிக்கரையில் கூடாரம் போடக் கூடாது. 2005இலிருந்து அது ராம்சர் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். கூடாரங்கள் எல்லாம் சில கிலோமீட்டர் தள்ளித்தான்.

எங்கள் நோட்டுக் கணக்கு: வீட்டுத் தங்கலில் (ஹோம்ஸ்டே) ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து இருவருக்கும் 1,200லிருந்து 1,800 வரை. உங்கள் 35,000 இழுத்துப் பிடித்தால் போதும். ஆனால் நோட்டாக எடுத்துப் போங்கள். காசா ஏடிஎம்மில் பணம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

லென்ஸ்வாசி:
அக்கா, நான் போனது ஜூலையில், அதுவும் பைக்கில். தலைவலி வந்தது உண்மைதான், மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: ஜூலை, ஆகஸ்டில் கின்னோர் பக்கம் மண்சரிவு அதிகம், நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். செப்டம்பர் நடு நல்ல தேர்வு. ஆப்பிள் பறிக்கும் நேரமும் அதுதான்.

பாதிவழி:
அக்கா, மிக்க நன்றி. திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறாள்: கழிப்பறை, குளியல் எல்லாம் எப்படி?

மூட்டைமுடிச்சு:
நல்ல கேள்வி, ஆண்கள் யாரும் கேட்க மாட்டார்கள். கிராமங்களில் பழைய வீடுகளில் உலர் கழிப்பறை. மாடியில் ஒரு அறை, தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் மண் குவியலும் ஒரு மண்வெட்டியும். முடிந்ததும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும், அது பின்னால் வயலுக்கு உரமாகப் போகும். தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், வீட்டுக்காரம்மா முகம் மாறிவிடும். நாற்றம் இருக்காது, சத்தியமாக. காசாவிலும் கல்பாவிலும் சாதாரணக் கழிப்பறையே கிடைக்கும். குளியலுக்கு ஒரு வாளி வெந்நீர் கேட்டால் தருவார்கள், தினமும் கேட்காதீர்கள். நான் பன்னிரண்டு நாளில் நான்கு தடவை குளித்தேன். அவர் எத்தனை தடவை என்று இங்கே எழுத வேண்டாம்.

சாக்ஸ் மட்டும் ஆளுக்கு ஐந்து ஜோடி. துவைத்தால் காயாது. ராத்திரி ஈர சாக்ஸை வெளியே போட்டால் காலையில் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும்.

பாதிவழி:
கல்கா வரை டிக்கெட் போட்டாச்சு. கடைசியாக ஒரு கேள்வி, இதுவும் அவள்தான். குன்சுமில் நீங்கள் வைத்த நாணயம் ஒட்டியதா?

மூட்டைமுடிச்சு:
என்னுடையது மூன்று தடவையும் விழுந்தது. அவருடையது முதல் தடவையே ஒட்டிக்கொண்டது. என்ன வேண்டினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.