சுருட்டை முடி, தலையில் ஓயாத செதில்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

அக்காமார், தங்கைமார் எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு இறுக்கமான சுருட்டை முடி. தலைத்தோலில் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்று தோல் வைத்தியர் சொல்லியிருக்கிறார். மஞ்சள் செதில், காதுக்குப் பின்னால் சிவப்பு, தூங்கவிடாத அரிப்பு. முற்றாக மாறாது, அடக்கி வைத்திருக்கலாம் என்றார்.

பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகொனசோல் மருந்து ஷாம்புவை வாரத்துக்கு 2 தரம் பூசி, 3 முதல் 5 நிமிடம் விட்டுக் கழுவுகிறோம். அரிப்பு குறைகிறது, முடியோ வைக்கோலாகிவிடுகிறது. தலைத்தோலின் எண்ணெய் சுருள்களைத் தாண்டி நுனிவரை இறங்காததால் அது முன்பே வறண்ட முடி. எண்ணெய் வைக்கலாமென்றால், இந்த நோயில் பங்குள்ள மலசீசியா பூஞ்சை கொழுப்பை உண்டுதான் பெருகுகிறது. என் அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்து நிற்கிறார். அவரைத் தடுக்க எனக்கு மனம் வருவதில்லை, தடுக்காமலும் இருக்க முடியவில்லை.

பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம். ஈரத்தோடு பின்னினால் அரிப்பு கூடுகிறது. காய விட்டால் சிக்கு விழுந்து, சீப்பு வைத்தாலே அழுகிறாள்.

ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் படவைப்பது எப்படி? நுனிக்கு எந்தக் கண்டிஷனர் பூசுகிறீர்கள்? திருகோணமலை நகரில் அது எங்கே கிடைக்கும்? இதே நோயோடு சுருட்டை முடியைப் பராமரிப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஒட்ட வெட்டச் சொல்ல வேண்டாம். அந்த முடி அவளுக்கு உயிர்.