கருமருந்து ரிவால்வர் இரண்டாவது வெடியிலேயே இறுகிவிடுகிறது, உதவி தேவை

சிப்புட் தம்பி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், செம்பனைத் தோட்டத்து ஆபீசில் வேலை. போன மாதம் டெக்சஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அத்தான் முதன்முதலாக ஒரு கருமருந்து ரிவால்வர் வாங்கினார். 1851 கோல்ட் நேவியின் இத்தாலிய நகல், உடற்சட்டம் (frame) பித்தளை, குழல் அளவு .44. ரேஞ்சில் முதல் கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி கிளப்பும் சின்னச் செப்பு மூடி) வெடித்தது, ஆனால் உள்ளே இருந்த மருந்து பற்றவில்லை. புதுக் கேப் போட்டதும் சுட்டது, எதிரே இருந்த அட்டை தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, அழுகிய முட்டை வாடை. அடுத்ததற்குச் சுத்தியலை இழுத்தால் சிலிண்டர் (மருந்தும் குண்டும் போடும் ஆறு அறைகள் உள்ள உருளை) அசையவே இல்லை. வெடித்த கேப்பின் செப்புத் துணுக்கு ஒன்று, அரிசிக் குருணை அளவு, சுத்தியலுக்கு அடியில் மாட்டியிருந்தது. அன்றைக்கே மூன்று தடவை இப்படி ஆனது. கழுவுவதை மறுநாளைக்குத் தள்ளிப் போட்டோம், அதற்குள் செம்மண் பூசியதுபோல் துரு. டிசம்பரில் மறுபடியும் போகிறேன், அதற்குள் சரி செய்ய வேண்டும். இன்னொன்று, அங்கே லைசென்ஸ் எதுவும் கேட்கவில்லை, நகல்தானே, ஒன்று வாங்கி வந்து வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா?

கூலிம்காரன், இப்போது ஒஹாயோ:
முதல் கேப் ஏன் ஏமாற்றியது என்றால், புதுத் துப்பாக்கியில் கடையிலிருந்தே எண்ணெய் இருக்கும், அது நிப்பிளின் (கேப் மாட்டும் சின்னக் குழாய்) துளையை அடைத்துவிடும். மருந்து போடுவதற்கு முன்னால் எல்லா நிப்பிளிலும் வெறும் கேப் மாட்டி, குழல் முனையை ஒரு புல்லுக்கு நேரே பிடித்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. சுடும்போது வெடிக்காமல் போனால் உடனே கேப்பைத் தொடக் கூடாது, இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும், சில நேரம் தாமதமாக வெடிக்கும்.

துணுக்கு மாட்டுவது பழைய கோல்ட் மாடல்களின் பிறவிக் குணம். சுத்தியலை இழுக்கும்போது, ரேஞ்ச் விதி இடம் கொடுத்தால், இலக்குப் பக்கமே பார்த்தபடி முனையை மேலே தூக்க வேண்டும், துணுக்கு தானாக வெளியே விழும். கேப் தளர்வாக இருந்தாலும் இதே கோளாறுதான். 10, 11 என்று எண் உண்டு, இரண்டையும் வாங்கி நிப்பிளில் கச்சிதமாக உட்காருவது எது என்று பார்க்கட்டும். இன்னும் வாங்கியிருக்காவிட்டால் நான் 1858 ரெமிங்டன் நகலை, அதுவும் எஃகு உடற்சட்டத்தில் வாங்கச் சொல்லியிருப்பேன். பித்தளை மென்மையானது, பெரிய மருந்தளவு நாளாவட்டத்தில் உடற்சட்டத்தைத் தளர்த்திவிடும். கையேட்டில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம், .44 பித்தளைக்குப் பலரும் 20 கிரெயினுக்குள்ளேயே (கிரெயின் என்பது மருந்து அளக்கும் சின்ன அலகு) நிறுத்துகிறார்கள். அளவு குறைந்து குண்டுக்கு அடியில் இடைவெளி வந்தால் மருந்தின்மேல் ரவை போட்டு நிரப்புவது வழக்கம். ஆமாம், உப்புமா ரவைதான். குண்டை அழுத்தும்போது ஈயம் மெல்லிய வளையமாகச் சீவப்பட்டு வந்தால் அடைப்பு சரியாக இருக்கிறது. அதன்மேல் கொழுப்பு தடவினால் ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவும் ஆபத்து குறையும். புகையற்ற நவீன மருந்தை மட்டும் ஒரு சிட்டிகைகூட உள்ளே விடக் கூடாது, துப்பாக்கியே வெடித்துவிடும், கை போய்விடும்.

ஓய்வுபெற்ற கிராணி:
தம்பி, கொண்டு வரவே வராதீர்கள். அமெரிக்காவில் 1968 துப்பாக்கிச் சட்டம் 1898 வரைக்குமான துப்பாக்கிகளையும் இதுபோன்ற நகல்களையும் பழம்பொருளாக ஒதுக்கி வைத்திருக்கிறது, அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. 1960 ஆயுதச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் 1971 சட்டப்படி அனுமதியில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டுவரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள்மீதே வழக்கு போட்டிருக்கிறார்கள். 1948 ஜூன் 16-ல் எல்பில் தோட்டத்துத் துரை சுடப்பட்டது நம் சிப்புட்டில்தான், அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது, அப்போது அனுமதியில்லாத துப்பாக்கிக்குத் தூக்கு. எங்கள் அப்பா அந்தக் காலத்து மனிதர். காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தில் லைசென்ஸோடு வைத்திருந்த துப்பாக்கியைக்கூட அவர் கையால் தொட்டதில்லை. கண்ணாடிப் பெட்டியில் ஒரு போட்டோ போதும்.

துருவைப் பற்றி: கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்தது. எரிந்து மிஞ்சும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றைக்கே சோப்பு போட்ட வெந்நீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து, அப்புறம் எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

சிப்புட் தம்பி:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. வாங்கி வரும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அத்தானிடம் வீடியோவில் பேசினேன், ஆறு நிப்பிளில் இரண்டு அடைத்திருந்ததாம், ஊசியால் குத்தி எண்ணெயை எடுத்தபிறகு புல் ஆடியது. 11 தளர்வாக இருக்கிறதாம், 10-க்கு ஆர்டர் போட்டிருக்கிறார். ஆறு அறையையும் நிரப்பலாமா?

கூலிம்காரன், இப்போது ஒஹாயோ:
ஐந்து போதும். சுத்தியல் காலி அறைமேல் இறங்கி இருக்கட்டும்.