லிப்ரே ஆபீஸ் கால்க் ஷீட்டுக்குள்ளேயே பேஸ் படிவம் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, குலசேகரத்தில் என் மாமா ரப்பர் ஷீட் எடுக்கிற கடை வைத்திருக்கிறார், கணக்கு என் பொறுப்பு. தோட்டக்காரர் பெயர், ஷீட்டா ஒட்டுப்பாலா (உறைந்து ஒட்டிய கழிவு ரப்பர்), தரம், எடை, அன்றைய விலை, வாங்கிய முன்பணம் எல்லாம் லிப்ரே ஆபீஸின் கணக்கு ஷீட் செயலியான கால்க்கில்தான் ஏறுகிறது. மழை விட்டு பால்வெட்டு தொடங்கிவிட்டால் கடையில் நெருக்கடி, அந்த அவசரத்தில் ஒரு வரி மாறினாலும் ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். பாவம், எல்லாரும் சின்னத் தோட்டக்காரர்கள்.

டேட்டா மெனுவில் இருக்கிற ஃபார்ம் போதவில்லை, அதில் பெயரைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் கிடையாது. கால்க் கோப்பையே பேஸில் (லிப்ரே ஆபீஸின் டேட்டாபேஸ் செயலி) இணைத்தால் படிக்க மட்டும்தான் முடியும், புதிதாக எதுவும் ஏற்ற முடியாது. அதனால் பேஸில் தனி டேபிள் போட்டு, அந்த பேஸ் கோப்பை லிப்ரே ஆபீஸில் பதிவு செய்து, கால்க் ஷீட்டிலேயே படிவப் பெட்டிகளை வரைந்து அந்த டேபிளோடு இணைத்தேன். பதிவுகள் ஒழுங்காகப் போகின்றன.

இப்போது கேள்வி இதுதான்: எடையும் விலையும் அடித்தவுடன் தொகை பக்கத்துச் செல்லில் தெரிய வேண்டும், அதே எடை டேபிளிலும் ஏற வேண்டும். ஒரே பெட்டியை டேபிளின் ஃபீல்டோடும் செல்லோடும் சேர்த்து இணைக்க வழி இருக்கிறதா, இல்லை மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) எழுதித்தான் ஆக வேண்டுமா?

அப்புறம், பேஸிலேயே தனிப் படிவம் செய் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்றைய மொத்தம் அதே ஷீட்டில் கண்ணுக்குத் தெரிந்தால்தான் மாமாவுக்கு நிம்மதி. மாதிரிக் கோப்பு யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள், மேக்ரோவாக இருந்தாலும் பரவாயில்லை, படித்துக்கொள்கிறேன்.