காயும் பிலிமில் கை வைக்காதீர்கள்

வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு, பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரைத்தான் சுற்றும். டி-76 நல்லதா, ரோடினால் நல்லதா, பிலிமைக் கழுவும் வெளிச்சம் புகாத டேங்கை நிமிடத்துக்கு எத்தனை தடவை கவிழ்ப்பது என்று மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் என்னிடம் காட்டி "இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கப்பட்ட நெகட்டிவ்களில் பெரும்பாலானவை டெவலப்பரில் கெட்டவை அல்ல. நன்றாகக் கழுவி முடித்து, காயப் போட்ட பிறகு கெட்டவை. அதனால் நான் காய வைப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

அதற்கு முந்தையதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் சிவப்பு விளக்கைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. அது பிரிண்ட் போடும் தாளுக்கு. இன்று நாம் வாங்கும் பிலிம்களில் அநேகமாக எல்லாமே சிவப்பு வெளிச்சத்தையும் பதிவு செய்பவை. பிலிமை, டேங்குக்குள் வைக்கும் சுருளான ரீலில் ஏற்றும்போது கும்மிருட்டுதான் வேண்டும். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் சிக்கிக்கொண்டு நகராது. டேங்க் மூடியபிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 என்ற டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம் கழுவுவேன். அப்புறம் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர். ஃபிக்ஸருக்கு வலு இருக்கிறதா என்று பார்க்க, ஏற்றும்முன் வெட்டிப்போட்ட பிலிம் நுனியை அதில் போடுங்கள். பால்போல் மங்கியிருப்பது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்தால் போதும். தெளிய வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் பிடித்தால் அந்த ஃபிக்ஸரைக் கொட்டிவிடுங்கள். அலசுவதற்கு பிலிம் நிறுவனமான இல்ஃபோர்ட் சொல்லும் முறையே எனக்குப் பிடித்தது: தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10, மறுபடி 20. எல்லாத் தண்ணீரும் டெவலப்பரின் சூட்டுக்கு அருகிலேயே இருக்கட்டும்.

சரி, இப்போது காய வைப்பது.

கடைசி அலசல் வாலை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்), தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோட உதவும் ஈரமூட்டி மருந்து சில சொட்டு விட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் உப்புதான் பிறகு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மருந்தைக் கூட்டிவிட்டால் நன்மை கூடாது, பிசுக்காகப் படியும்.

பிலிமைத் தொங்கவிட்டதும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தண்ணீர் படத்தின் நடுவில் நிற்பதில்லை. ஓரத்துத் துளைகளில் தங்கி, ஒவ்வொன்றாக நிரம்பி, பாரம் தாளாமல் சரிந்து படத்துக்குள் ஒரு கோடாக இறங்கும். இதைப் பார்த்ததும் துடைக்கத்தான் கை போகும். துடைக்காதீர்கள். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் நனைந்து ஊறிப் பருத்து மிருதுவாக இருக்கும் நேரம் அது. விரலிலோ, தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் வழிப்பானிலோ ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் தண்டவாளம்போல் நேர்க்கோடு விழும். அப்படி ஒரு பிலிமை நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். எல்லாப் படத்திலும் முகத்துக்குக் குறுக்கே அதே கோடு. அதற்கு மருந்து கிடையாது.

இன்னொருவர் கொண்டுவந்ததில் திட்டுத்திட்டாகக் கறை. சாய்வான வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். பளபளக்கும் பக்கத்தில் இருந்தவை, வாயால் ஊதி மெல்லிய துணியால் ஒற்றியதும் போய்விட்டன. மங்கலான பக்கத்தில், அதாவது படம் இருக்கும் பக்கத்தில் இருந்தவற்றுக்காகப் பிலிமை ரீலில் ஏற்றி மறுபடி ஊறவைத்து, வாலை வடிநீரில் அலசித் தொங்கவிட்டோம். பெரும்பாலானவை மறைந்தன. ஒரு வளையம் மட்டும் ஜெலட்டினிலேயே பதிந்துவிட்டது, அது போகவில்லை.

இடம்? குளியலறைதான். தொங்கவிடும் முன் வெந்நீரைக் கொஞ்சம் ஓடவிட்டால் ஆவியோடு தூசி கீழே படிந்துவிடும். கதவைச் சாத்துங்கள், மின்விசிறி வேண்டாம். முடி உலர்த்தியும் வேண்டவே வேண்டாம். காற்றோடு தூசியையும் அடித்து ஒட்டவைக்கும். 36 படப் பிலிம் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம், எனவே உயரமான கம்பியில் மாட்டி, கீழ்முனையில் கனமான கிளிப் போடுங்கள். காயும்போது பிலிம் குறுக்குவாட்டில் குழிந்து வளையும். பயப்பட வேண்டாம், முழுக்கக் காய்ந்ததும் பெருமளவு நேராகிவிடும்.

கடைசியில் காய்வது கீழ்முனை. அங்கே கிளிப் பக்கத்தில் ஈரம் துளியும் இல்லை என்று பார்த்தபிறகே ஆறு ஆறு படங்களாக வெட்டி உறையில் போடுங்கள். கொஞ்சம் ஈரத்தோடு போட்டால் உறை ஜெலட்டினோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது படமும் உரிந்து வரும்.